கடலோர விளையில் பழமும் காய்கறியும்: கன்னியாகுமரிக் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையே, கடலிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, 12 சென்ட் விளையில் 2005 முதல் பயிர் வைத்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு விளை என்று பெயர். எத்தனையோ ஊர்களின் பெயரே அந்தச் சொல்லில்தான் முடியும். புதிதாகக் குடிவந்தவர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் வேலியோரம் நின்று கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பதில்களை எழுதிவைத்துவிட்டால் நான் நிம்மதியாகக் களை பறிக்கலாம் என்று தோன்றியது.

இங்கே வெயில் அதிகமா? செடிகள் தாங்குமா?

வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். மதுரை 40 டிகிரியைத் தொடும் நாளில் கடற்காற்று எங்களை 33, 34-ல் நிறுத்திவைக்கும். தை மாத இரவிலும் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. இவ்வளவு வாய்ப்பான இடத்தில் ஒரு செடி கருகினால், முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். அது கிணற்று வழியாக வரும், காற்று வழியாக வரும், சில வேளை நம் கையாலேயே உரம் என்ற பெயரில் வரும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த மூன்று வழிகளைப் பற்றியவைதாம்.

செடி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்கவேண்டும்?

கிணற்று நீரை. மண்ணைத் தேற்றிவிடலாம், நீரை மாற்றுவது கடினம். நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் சிறு கைக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பைப் பற்றி நினைக்காமல் எதையும் நடலாம். 450 முதல் 2000 வரை என்றால் பயிரைத் தேர்ந்து வைக்கவேண்டும். 2000-ஐத் தாண்டினால் தென்னை, சப்போட்டா, முந்திரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, காய்கறியை மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை அளந்தால் போதாது. கார்த்திகையில் இனிக்கும் கிணறு பங்குனியில் கரிக்கும். நாக்கையும் நம்பாதீர்கள்: நாக்குக்கு உப்புத் தெரியும் முன்பே பீன்ஸுக்குத் தெரிந்துவிடும். காய்கறிகளில் பீன்ஸும் கேரட்டும்தான் மிகவும் சொகுசானவை. அடுத்தது வெங்காயம், பிறகு மிளகாய். தக்காளி ஓரளவு தாங்கும். பீட்ரூட்டும் தட்டைப்பயறும் நன்றாகவே தாங்கும். பருப்புக்கீரையோ உப்பு மண்ணில் தானாகவே முளைத்து நிற்கும். அதைக் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீரைக்கட்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கிணறு முன்பு நன்றாக இருந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டபின் உப்பாகிவிட்டது. ஏன்?

நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி மேலேறப் பார்க்கும். உள்நாட்டில் ஆழமாகப் போனால் நல்ல நீர் கிடைக்கலாம். கடலோரத்தில் ஆழமாகப் போவது உப்பைத் தேடிப் போவதாகவே பெரும்பாலும் முடியும்.

திறந்த கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள். ஒரே மூச்சில் தொட்டி நிரப்பாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கோ அதன் அருகே ஒரு குழிக்கோ விடுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் இறங்குகிறது; எங்கள் மாவட்டத்தில் அதைத் தெருவில் ஓடவிடுவது பாவம்.

நீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் எப்படிப் பாய்ச்சுவது?

இலையில் படாமல் வேரில் விடுங்கள். நண்பகலில் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையில் தங்கும். தினமும் ஒரு சொம்பு என்று கணக்குப் பார்த்து ஊற்றுவதும் தவறு: மேல்மண் மட்டும் நனைந்து காய, உப்பு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். சொட்டுநீர் போட்டிருந்தாலும் வாரம் ஒரு முறை வேர்ப்பகுதியைத் தாண்டி நீர் இறங்கும்படி தாராளமாக விட்டு உப்பைக் கீழே தள்ளவேண்டும். ஒரு நல்ல மழை இதை நம்மைவிட நன்றாகச் செய்துவிடும்.

வெறும் மணலாக இருக்கிறதே, இதில் என்ன விளையும்?

மணலைத் திட்டுகிறவர்கள் அதன் நல்ல குணத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு பருவமழையில் உப்பைக் கழுவி இறக்கிவிடும் மண் அது. கிழங்கு தடையின்றிப் பருக்கும். வேர் அழுகல் குறைவு. குறை என்னவென்றால் நீரும் உரமும் அதில் தங்காது.

தேங்காய் மட்டையை வீணாக்காதீர்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, மண் போட்டு மூடுங்கள். மட்டை மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக் கோடையில் கொடுக்கும். காய்கறிப் பாத்திக்கு மாட்டுச்சாணம், மக்கிய இலை, சாம்பல் மூன்றும் ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வேண்டும். போன ஆண்டு போட்டது இந்த ஆண்டு இருக்காது. உரத்தை ஒரே நேரத்தில் கொட்டாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாகக் கொடுங்கள். மேலே காய்ந்த ஓலையோ சருகோ பரப்புங்கள். மூடாக்கு இல்லாத மணல் மாசி வெயிலில் அடுப்புக்கல்தான்.

கடல் பக்கம் பார்த்த இலைகள் மட்டும் ஓரம் கருகுகின்றன. நோயா?

நோயில்லை, உப்புக் காற்று. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குக் காற்று அலைத்துளியை அள்ளிக்கொண்டு வரும். மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்த நாளின் மாலையில் நல்ல நீரால் செடியைக் கழுவிவிட்டால் பாதிச் சேதம் குறையும்.

நிரந்தர வழி உயிர்வேலி. மதில் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று மதிலில் மோதி மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று விழுந்து, அங்கேயுள்ள கத்தரியைத்தான் முறிக்கும். காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும் மரவரிசைதான் வேண்டும். முதல் வரிசையில் புன்னை, பூவரசு, சவுக்கு. இடம் இருந்தால் தாழை. அதற்கு உள்ளே அகத்தி, கல்யாண முருங்கை. வேலியின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்கு அதன் காப்பு இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, வேலி வளரும்வரை, தென்னோலைத் தட்டியே போதும்.

எந்தப் பழமரத்தை எங்கே வைப்பது?

விளையைக் கடலிலிருந்து உள்நோக்கிப் பாருங்கள். கடலுக்கு நேராக நிற்கக்கூடியவை தென்னை, முந்திரி, சப்போட்டா, நாவல், கொடுக்காப்புளி. இவற்றுக்குப் பின்னால் கொய்யா, மாதுளை, சீத்தா, முருங்கை. வீட்டின் மறைவில்தான் எலுமிச்சை, பப்பாளி, வாழை, மா. பலாவுக்கு உப்பும் ஆகாது, தேங்கும் நீரும் ஆகாது. கடலிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, மேட்டில் வையுங்கள்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் சப்போட்டா என்பேன். காற்றுக்கு அசையாது, உப்பைப் பொறுக்கும். அதன் ஒரே எதிரி வௌவால். பழங்களைக் காயாகப் பறித்து வீட்டில் பழுக்கவைத்தால் அதற்கும் பயமில்லை. மாவில் செங்கவருக்கை வைத்துப் பாருங்கள், ஊர் மண்ணுக்குப் பழகிய இரகம். ஆனால் பூக்கும் நாளில் உப்புக் காற்று அடித்தால் அந்த ஆண்டு ஊறுகாய்க்குக்கூடத் தேறாது.

இன்னொன்று கறிப்பலா. சீமைப்பலா என்றும் சொல்வார்கள். பழமாக அல்ல, காயாகவே சமைக்கிறோம். தேங்காய் அரைத்த கறிக்கு இணை கிடையாது. இதற்கு விதை இல்லை. வேரில் காயம் பட்ட இடத்தில் முளைக்கும் கன்றைத்தான் பிரித்து நடவேண்டும், ஆகவே மரம் வைத்திருப்பவரிடம் நட்பாக இருங்கள். ஓங்கி வளரும், வீட்டுச் சுவருக்கு 25 அடிக்குள் வைக்காதீர்கள்.

எந்த வாழை? எப்போது நடவேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒரு நாள் முழுவதும் பேசுவேன். ஏத்தன், செந்துளுவன், மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், சிங்கன் என்று இங்கே வாழைக்குப் பஞ்சமில்லை. வெளியூர்க்காரர்களுக்கு: ஏத்தன் என்பது நேந்திரன், செந்துளுவன் என்பது செவ்வாழை. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் மட்டி. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கடலோரத்துக்கு என் சிபாரிசு பாளையங்கோட்டானும் மட்டியும். செந்துளுவன் ஆசைக்கு ஒன்று போதும்: நெடுநெடுவென்று வளர்ந்து, குலை தள்ள ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, அதற்குள் எப்படியும் ஒரு பெருங்காற்றைச் சந்திக்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்த அன்று என் விளையில் நின்ற 14 வாழையில் மிஞ்சியவை இரண்டு. இரண்டும் குலை தள்ளாத இளங்கன்றுகள்.

ஏத்தன் 10, 11 மாதப் பயிர். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் ஓணத்தை ஒட்டிக் குலை வெட்டலாம். ஆனால் குலை கனக்கும் மாதங்கள் காற்று மாதங்களாகவும் இருக்கும். கம்பு கட்டாத ஏத்தன் குலையை நான் ஏத்தன் என்று கணக்கில் எடுப்பதேயில்லை. குலை சாயும் பக்கம் இரண்டு சவுக்குக் கம்புகளைக் கத்தரிபோல் நிறுத்தித் தாங்கல் கொடுங்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் மாதம் இரண்டு கன்றாக நட்டு வாருங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்தால் பத்து வீட்டுக்குக் கொடுத்து முடிக்கவேண்டி வரும். அது ஒன்றும் கெட்ட காரியமில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறார்களே?

அந்தப் பழமொழி ஆடியில் முதல் மழை காணும் ஊர்களுக்கு உரியது. எங்கள் மேற்குக் கடலோரத்தில் ஆடி என்றால் வைகாசியிலிருந்தே நனைந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். வெண்டையும் பயறும் ஆடிக் கடைசியில் போடலாம். புடல், பீர்க்கு, பாகல் ஆகியவற்றைப் பந்தல் போட்டு ஆனியிலேயே ஏற்றலாம். தக்காளியை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். ஐப்பசி மழையில் நட்ட தக்காளி அழுகிப்போகும். கார்த்திகை இறுதியில் நாற்றை நட்டால் மாசியும் பங்குனியும் முழுக்க அறுவடை. கார்த்திகை முதல் பங்குனிவரைதான் எங்களுக்குக் காய்கறியின் நற்காலம். சித்திரை விஷுவுக்குக் கணிவெள்ளரி பொன்னிறமாக வேண்டுமென்றால் தைக் கடைசியில் விதையுங்கள்.

கேரட், காலிஃபிளவர், ஆப்பிள்?

கேரட் வேண்டாம். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் ஆகியவற்றில் வெப்பப் பகுதிக்கு உரிய இரகங்களை ஐப்பசியில் நாற்றுவிட்டுக் கார்த்திகையில் நட்டால் சிறிய பூவாக, சிறிய கோஸாக வரும்; பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும். ஆப்பிள் கன்றை இணையத்தில் வாங்கிய நண்பர் ஒருவர் அது இலை விடுவதை ஆண்டுதோறும் படமெடுத்து அனுப்புகிறார். இலை மட்டும்.

குறைந்த உழைப்பில் அதிக விளைச்சல் எதில்?

கிழங்கில். நகரத்திலிருந்து வருபவர்கள் தக்காளியோடு மல்லுக்கட்டுவார்கள். இந்த மணலும் மழையும் கிழங்குக்கென்றே படைக்கப்பட்டவை என்பது அவர்களுக்குத் தெரிவதற்குள் மூன்று ஆண்டு போய்விடும்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பை ஒரு சாண் நீளம் வெட்டி, கணு மேல்நோக்கி ஊன்றினால் போதும். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து சுருங்கிய செடியிலிருந்து மட்டும் கம்பு எடுக்காதீர்கள். அது தேமல் நோய், கம்பு வழியாகவே அடுத்த ஆண்டுக்கும் வரும். சேனையை மாசியில், முழங்கால் ஆழக் குழியில் சாணமும் சருகும் நிரப்பி நடுங்கள். காச்சில், அதாவது பெருவள்ளிக் கொடியை ஒரு பூவரசில் ஏற்றிவிட்டு மறந்துவிடலாம். சேம்பு, குளிக்கும் நீர் ஓடும் ஓரத்தில். சிறுகிழங்கை நாற்றங்காலில் முளைக்கவைத்து, கொடியை வெட்டி ஆடி, ஆவணியில் நட்டால் பொங்கலுக்கு அகழலாம். சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோலுரித்த சிறுகிழங்குப் பொரியல் இல்லாத பொங்கல் எங்களுக்குப் பொங்கலே அல்ல.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல நடவுப்பொருள் தேவைப்பட்டால் அங்கே விசாரியுங்கள்.

மீன் கழிவும் கடற்பாசியும் இலவசமாகக் கிடைக்கின்றன. உரமாகப் போடலாமா?

பச்சை மீன் கழிவு நல்ல உரம். அரையடிக்கும் ஆழமாகப் புதைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊரிலுள்ள நாய் எல்லாம் உங்கள் விருந்தாளி. மீனமிலம் எளிது: மீன் கழிவும் வெல்லமும் எடைக்கு எடை சேர்த்து, மூடிய வாளியில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்து, வடிகட்டி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி என்று தெளியுங்கள். கடற்பாசியை ஒரு மழையில் நனையப்போட்டு உப்புப் போனபின் உரக்குழியில் சேருங்கள்.

கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம். இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். கருவாடு காயவைக்கும் இடத்தில் கூட்டிய தூளை மூட்டையாக வாங்கிவந்து 20 கத்தரிக்கும் போட்டேன். மீன்தானே என்று நினைத்தேன். அதிலிருந்தது பாதிக்குப் பாதி உப்பு. ஒரு வாரத்தில் இருபதும் காய்ந்தன. அந்தப் பாத்தியில் அடுத்த பருவமழைக்குப் பிறகுதான் கீரையே முளைத்தது.

நார்க்கழிவுக் கட்டி வாங்கித் தொட்டியில் போட்டேன். நாற்று எல்லாம் நுனி கருகிவிட்டது.

மேலே சொன்னதன் தம்பிதான் இது. காயலிலும் கடலோரக் குழியிலும் ஊறவைத்த மட்டையின் நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, நீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து என்று மூன்று முறை கழுவியபின் பயன்படுத்துங்கள். கழுவிய நீரைத் தென்னைக்கு ஊற்றலாம், அது கோபித்துக்கொள்ளாது.

கடல்நீர் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால்?

2004 சுனாமிக்குப் பின் குளச்சல் பகுதியில் இதைக் கண்ணால் பார்த்தோம். தேங்கிய நீரை உடனே வெட்டி வெளியேற்றுங்கள். மேலே படிந்த சேற்றையும் உப்புப் படிவத்தையும் வழித்து அகற்றுங்கள். பிறகு வரப்புக் கட்டி மழைநீரை நிலத்திலேயே நிறுத்துங்கள், அது உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கட்டும். மணலாக இருந்தால் ஒன்றிரண்டு பருவமழையில் தேறிவிடும். களி கலந்த தாழ்வான இடத்தில் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அங்கேதான் ஜிப்சம் வேண்டும், அளவை மண் பரிசோதித்துக் கேட்டுப் போடுங்கள். அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். உப்பு மண்ணைப் பொறுத்துக்கொண்டு வளரும் பசுந்தாளுரம் அது.

தென்னை, கொய்யா, வாழை இலைகளின் மேல் கரி பூசியதுபோல் இருக்கிறது.

சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்து, இப்போது எங்கும் பரவிவிட்டது. மேல் ஓலையின் அடியில் ஈ உட்கார்ந்து தேன்போல் கழிய, அது கீழ் இலையில் விழுந்து கரும்பூஞ்சை பிடிக்கிறது. கடுமையான மருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் சிறு குளவிகள் உண்டு, மருந்தில் முதலில் சாவது அவைதான். மஞ்சள் நிற ஒட்டுப்பொறி, இலையின் அடியில் வேகமாக நீர் பீய்ச்சுதல், கரும்பூஞ்சைக்கு மைதாக் கஞ்சி தெளித்தல் ஆகியவை போதும். கஞ்சி காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து உதிரும்.

நீர் விட்டும் தக்காளியும் வெண்டையும் வாடி நிற்கின்றன.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மணல் நிலம் அதற்குச் சொர்க்கம். அந்தப் பாத்தியில் அடுத்த பட்டத்துக்குக் கேந்தி (துலுக்கச் சாமந்தி) நடுங்கள், பூவைத் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்பாவிட்டாலும் வீட்டுச் சாமிக்கு ஆகும். நடவுக்குழியில் வேப்பம்பிண்ணாக்கு ஒரு கைப்பிடி.

பப்பாளிப் பழம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது.

போரான் பற்றாக்குறை. மணலில் மழை அடித்துக்கொண்டு போய்விடும். போராக்ஸ் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகப் போடவேண்டும். கூடினால் செடிக்கே நஞ்சு.

மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் வருகின்றன. உப்புத் தூவலாமா?

இத்தனையும் படித்துவிட்டுமா? தோட்டத்தில் தூவாதீர்கள். மாலையில் ஒரு கோணிச்சாக்கை நனைத்து, பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் சருகும் உள்ளே வைத்து வேலியோரம் போடுங்கள். இரவில் வந்து கூடும். விடியற்காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்பு கரைத்த வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், அவற்றில் மனிதருக்கு நோய் தரும் புழு இருக்கலாம். செத்த நத்தைகளை ஆழமாகப் புதையுங்கள். வாளி நீரைப் பாத்திக்குப் பக்கத்தில் கொட்டாமல், கடலுக்கு நடக்கும்போது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.